எஃகு அலமாரிக்குள் ஒரு லைப்ரரி

போன மாதம் ஒரு பழைய பார்கோடு ஸ்கேனருக்கான எஸ்.டி.கே.யை என் லினக்ஸ் மெஷினில் பில்ட் பண்ண உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது, இரண்டு ராத்திரியைத் தின்றுவிட்டது. கோடில் தப்பே இல்லைங்க. எதை முதலில் நிறுவணும், எந்த வெர்ஷன் கம்பைலர் வேணும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த எரிச்சலில், இந்த ‘லைப்ரரி’ சமாச்சாரத்தை முதலில் ஆரம்பித்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் போனேன்.

தேடல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் போய் நின்றது. அங்கே மாரிஸ் வில்க்ஸின் குழு கட்டிய எட்சாக் கணினி, 1949 மே 6 அன்று தன் முதல் புரோகிராமை ஓட்டியது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஆரம்பத்தில் 512 இடங்கள். கட்டளையோ எண்ணோ, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புரோகிராமை ஐந்து துளைக் காகித டேப்பில் குத்திக் கொடுப்பார்கள்.

மெஷின் ஓடிய சில வாரங்களிலேயே வில்க்ஸுக்கு ஓர் அதிர்ச்சி. அவர் எழுதிய 126 வரி புரோகிராம் ஒன்றில் ஏறக்குறைய இருபது பிழைகள்! வாழ்க்கையின் மிச்சத்தில் பெரும்பகுதி தன் பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று மாடிப்படியில் உறைத்ததாக, பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். ஒருமுறை சரிபார்த்த துண்டை எல்லாரும் திரும்பப் பயன்படுத்தினால் என்ன? லைப்ரரி பிறந்ததற்கு இதுதான் காரணம். எட்சாக்கில் வகுத்தலுக்குத் தனிக் கட்டளைகூடக் கிடையாது. ஆளாளுக்கு அதை எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பொறுப்பு ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் கைக்கு வந்தது. அவர் முன்னால் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, துண்டு வேலையை முடித்ததும் கூப்பிட்ட இடத்துக்கே திரும்புவது எப்படி? அதற்கு மெஷினில் வசதி இல்லை. கூப்பிடும் புரோகிராம் தன் முகவரியைக் கையோடு கொடுத்தனுப்பும். துண்டு அதை வைத்து, திரும்பும் கட்டளையைத் தானே தயாரித்துத் தன் கடைசி வரியில் நட்டுக்கொள்ளும். இதற்கு ‘வீலர் ஜம்ப்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது, ஒரே துண்டு ஒருவர் புரோகிராமில் 56ஆம் இடத்திலும் இன்னொருவருடையதில் 200ஆம் இடத்திலும் உட்காரலாம். அதனால் துண்டுக்குள் இருக்கும் முகவரிகளைப் பூஜ்யத்திலிருந்தே எண்ணி எழுதினார்கள். டேப்பைப் படிக்கும்போதே ஆரம்ப முகவரியைக் கூட்டிக்கொள்ளும் வேலையை, மெஷினிலேயே பொருத்தியிருந்த 41 கட்டளைகள் பார்த்துக்கொண்டன. இன்றைக்கு லிங்கரும் லோடரும் செய்வதற்கு இதுவே ஆதி வடிவம்.

சரி, எஸ்.டி.கே. எங்கே இருந்தது? ஓர் எஃகு அலமாரியில்! காகித டேப் சுருள்களாக. வேண்டிய துண்டை எடுத்து, தன் டேப்பில் நகல் குத்திக்கொண்டு, அதைத் திரும்ப வைத்துவிட வேண்டும். 1951 வாக்கில் 87 துண்டுகள் இருந்தன. அச்சிடுவதற்கு, வர்க்கமூலத்துக்கு, மடக்கைக்கு என்று வகைக்கு ஓர் எழுத்து. பிழை தேட உதவும் துண்டுகளும் அதில் உண்டு.

அதே ஆண்டில் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார்கள். ஒரு துண்டு எத்தனை இடம் பிடிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், விடையை எங்கே வைக்கும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

1952இல் பிட்ஸ்பர்க் மாநாட்டுக்கு வீலர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையில்தான் எனக்கான பதில் இருந்தது. துண்டை எழுதிச் சோதித்த பிறகும், மற்றவர்கள் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதும் வேலை பாக்கி இருக்கிறது. ஒருவேளை எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகத்தான் இருக்கும் என்கிறார். துளை துளையாக டேப் குத்தி, 512 இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிய மனிதர் சொல்கிறார் இதை! படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், விளக்கம் எழுதுவதை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இத்தனை வருஷமாகத் தள்ளிப்போட்டவர்களில் நானும் ஒருவன்.

அன்று இரவே ஸ்கேனர் எஸ்.டி.கே.யை பில்ட் பண்ணும் படிகளைப் பதினோரு வரியில் எழுதி, அலுவலகத் தம்பி ஒருவருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். நடுவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். ‘இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்று நான் எழுதாமல் விட்ட படி அது.

இப்போது பன்னிரண்டு வரி இருக்கிறது.