பச்சையை மஞ்சளாக்கிய கணக்கு

படச்சுருள் காலத்தில் திரைப்படத்தின் நிறத்தை மூன்று எண்களே ஆண்டன. படியெடுக்கும் ஆய்வகத்தில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளுக்கு 1 முதல் 50 வரை அளவுகள் இருந்தன. ஒன்றை மாற்றினால் காட்சி முழுதும் மாறும். இலையை மட்டும் தொட இயலாது.

2000-இல் வெளியான 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்தில் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ், மிசிசிப்பியின் கோடைப் பசுமையைக் கணினியின் துணையால் உலர்ந்த மஞ்சளாக்கினார். அப்படியெனில், எவரும் மாற்றக்கூடிய நிறம் எவருக்கு உரியது?

அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் அதே பத்தாண்டில் ஒரு சூத்திரம் வகுத்தது. ஒவ்வொரு நிறமதிப்பையும் ஓரெண்ணால் பெருக்கி, ஓரெண்ணைக் கூட்டி, ஓரெண்ணின் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். மூன்று நிறங்களுக்கு ஒன்பது எண்கள், நிறச்செறிவுக்கு ஒன்று. கலைஞரின் கருத்தை இப்பத்தும் நிலையம்விட்டு நிலையம் சிதையாது சுமக்கின்றன. எனினும் நாம் ஒன்றைக் கருத வேண்டும்: இவையும் காட்சி முழுவதையுமே மாற்றுகின்றன. இலையைத் தனித்துத் தொட்ட அந்தக் கை இப்பத்து எண்களுள் அடங்கவில்லை.