கொட்ஸில்லாவும் கிறீஸ் பூதமும்

1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மேல் விழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் ‘கொட்ஸில்லா’ திரைக்கு வந்தது. குண்டுச் சோதனையால் கிளம்பிய அந்த அரக்கனின் பொருளை, ஹிரோஷிமாவைக் கண்ட மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நமது மலையகத்துக்குப் பூதம் படமில்லாமலே வந்தது. 2011 ஆகஸ்ட். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள். உடலெங்கும் கிறீஸ் பூசியவன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. புதையலுக்கான பலி என்றார்கள் சிலர். அவசரகாலச் சட்டத்தை நீடிக்கும் தந்திரம் என்றார்கள் வேறு சிலர். (அம்மாத முடிவில் அந்தச் சட்டம் காலாவதியானது.) கினிகத்தேனையில் நான், கொஞ்சம் படித்த திமிரோடு, “இது சமூக அச்சத்தின் உருவகம்” என்றேன்.

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: “உருவகமோ என்னவோ சார், ராத்திரி லயத்த விட்டு கக்கூசுக்கு இருட்டுல போறது நாங்கதானே?”

எனக்குப் பதில் வரவில்லை. பொலிஸில் சொன்னால் வதந்தி என்பார்கள் என்றும் அவர் சொன்னார்.

கொட்ஸில்லா படத்தின் முடிவில் கடலுக்குள் மாள்கிறது. இங்கோ, அதே ஆகஸ்டில், பூதமெனச் சந்தேகித்து ஹப்புத்தளைப் பகுதியில் இருவரைக் கும்பலொன்று கொன்றது. அக்கா கேட்டதெல்லாம் கக்கூஸ் வாசலில் ஒரு பல்ப்.