எரிந்தால்தான் மருந்தா?

சாயங்காலம் ஏழு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில் பைக்கில் குலுங்கி வந்த இடுப்பு, மாடிப்படி ஏறி இறங்கிய முழங்கால், கம்ப்யூட்டரைப் பார்த்தே விறைத்துப்போன கழுத்து என்று எல்லாமே வரிசையில் நிற்கும். அதில் ஒரு பெரியவர் நிச்சயம் சொல்வார்: "போன தடவ குடுத்த ஜெல் சரியில்ல தம்பி. எரியவே மாட்டேங்குது. சுர்ருனு ஏறுற மாதிரி வேற ஒண்ணு குடுப்பா!"

சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் அவர் கட்சிதான். எரிந்தால்தான் மருந்து என்பது தைலம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பாடம்!

1893-ல் பம்பாயில் ஒரு மஞ்சள் தைலம் பிறந்தது. பெயர் அமிர்தாஞ்சன். அதைத் தொடங்கியவர், கிருஷ்ணா ஜில்லாவைச் சேர்ந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ். விளம்பரத்துக்கு அவர் பிடித்த வழி சுலபமானது. கச்சேரி நடக்கும் இடங்களில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். ஒரு தடவை நெற்றியில் தடவியவர் மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டார்!

1914-ல் கம்பெனி சென்னைக்கு வந்தது. தைலத்தில் வந்த காசு 'ஆந்திர பத்திரிகா'வுக்கும் சுதந்திரப் போராட்டத்துக்கும் போனது. அவரும் சிறைக்குப் போனார். மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறதல்லவா? அது இவர் பெயரில்தான். மூட்டு வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் இன்றைக்கும் அங்கேதான் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள்.

சரி, தைலம் ஏன் ஜில்லென்று இருக்கிறது? ஏன் எரிகிறது? அதிலுள்ள மென்தால், தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. மிளகாயின் காப்சைசின் சூட்டை உணரும் நரம்புகளைத் தட்டுகிறது. நிஜத்தில் குளிரும் இல்லை, சூடும் இல்லை. மூளை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க, வலி கொஞ்ச நேரம் பின்னால் போய்விடுகிறது. அழும் குழந்தைக்குக் காக்கா காட்டுகிற மாதிரி! இந்த நரம்புகளின் ரகசியத்தை மிளகாயையும் மென்தாலையும் வைத்தே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும், மென்தாலில் அதே முடிவைத் தனியே எட்டிய ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், காக்கா காட்டினால் காயம் ஆறாது. வீக்கத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்களைச் சுரக்கிறது. வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடுபவை இவைதான். ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்பதை 1971-ல் லண்டனில் கண்டுபிடித்தார் ஜான் வேன். 1982-ல் அவருக்கும் நோபல் பரிசு. அதே வேலையைச் செய்யும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்தை 1973-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா-கெய்கி கம்பெனி உருவாக்கியது.

மாத்திரை பிரமாதமாகக் கேட்டது. கூடவே வயிற்றுப் புண்ணும் வந்தது, சிறுநீரகத்துக்கும் சிக்கல். 'முழங்கால் வலிக்கு ஏன் உடம்பு முழுக்க மருந்தை அனுப்ப வேண்டும்?' என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் ஜெல். முழங்காலில் தடவினால் ரத்தத்தில் கலப்பது, மாத்திரை போட்டால் கலப்பதில் சுமார் 6 சதவிகிதம்தான். முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் இப்படித் தடவும் மருந்தைக் கொடுங்கள் என்கிறது பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டி.

இந்த மருந்துக்கு எரிச்சல் கிடையாது. அங்கேதான் நம்மவர்களுக்குச் சந்தேகம்! நம் கடைகளில் விற்கும் பல ஜெல்களில் டைக்ளோஃபெனாக்கோடு மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ந்தே வருகின்றன. பழைய வாசனை இருந்தால்தானே நமக்கு நம்பிக்கை வரும்!

எரியாததால் சாது என்று நினைத்துவிடாதீர்கள். மாடுகளுக்கு இதே மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அந்த மாடுகள் செத்ததும் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கொத்துக் கொத்தாக மடிந்தன. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காணாமல் போயின. 2006-ல் கால்நடைகளுக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டது. கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறுதான். ஆனாலும் வீரியம் வீரியம்தானே!

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். ஜெல்லைக் குழாயில் சொன்ன அளவுக்கு மட்டும் மெல்லத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். அதன்மேல் ஹாட் வாட்டர் பேக் வைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். புண்ணில் படக்கூடாது. கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். 'சீக்கிரம் போகட்டுமே' என்று கூடவே வலி மாத்திரையையும் நீங்களாகப் போடாதீர்கள். இடுப்பு மூட்டு மாதிரி ஆழத்தில் இருக்கும் மூட்டுக்குத் தோல் வழியாக மருந்து போய்ச் சேருவது கஷ்டம். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து... இதில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். மூட்டு சிவந்து வீங்கி, ஜுரமும் வந்தால் ஜெல்லை மூடிவைத்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்துப் பெரியவரை அடுத்த தடவை பார்த்தால் நான் இதைத்தான் சொல்லப் போகிறேன்: "சார், எரியலைன்னா பரவாயில்ல. ஒரு வாரம் கழிச்சு மாடிப்படி என்ன சொல்லுதுன்னு பாருங்க!"