ஓவியக் கல்லூரியும் வாழ்வாதாரமும்: சென்னைப் பள்ளி முதல் சோழமண்டலம் வரை

கலைக்கல்வி பெற்ற மாணவன் கல்லூரியை விட்டு வெளியேறிய மறுநாள் எதனைக் கொண்டு வாழ்வான் என்னும் வினா சென்னைக் கலைப்பள்ளியோடு உடன்பிறந்தது எனலாம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் அப்பள்ளியைத் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய காலத்திலேயே கைத்தொழிற் பயிற்சியும் அதனோடு இணைந்துகொண்டது. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கு அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் சோதனையை மேற்கொண்டார். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கன்னார்தம் கைத்திறனுக்குப் புதியதோர் உலோகம் வாய்த்தது. முயற்சி வணிக நிலையில் வென்றது. சில ஆண்டுகளில் தனியார் நிறுவனமொன்றின் கைக்கும் மாறிற்று. தொழில் வெளியேறியது, பள்ளி நின்றுவிட்டது. தொழில் வரலாற்றார் போற்றும் இந்நிகழ்ச்சியைக் கலை வரலாற்றார் பெரிதும் கண்டுகொள்வதில்லை.

தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் தலைமையில் ஓவியமும் சிற்பமும் முதன்மை பெற்றன. அதனால் கல்வியின் தரம் உயர்ந்தது; பழைய வினா மட்டும் கூர்மையடைந்தது. 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் அதனை நேரில் கண்டவர். தேறிய மாணவர் சிலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராயினர். சிலர் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கான உருவரைகள் வரைந்தனர். பலர் தூரிகையையே கைவிட்டனர். கல்லூரி ஓவியரை உருவாக்கிப் பின் இழந்துகொண்டிருந்தது என்பதே பணிக்கரை வருத்திய செய்தி.

அவர் கண்ட வழி எளியது. எனினும் துணிவு மிக்கது. 1960களின் தொடக்கத்தில் ஆசிரியரும் மாணவரும் கைவினைஞர் சங்கமொன்றை அமைத்தனர். மெழுகு பூசித் துணியில் வண்ணமேற்றும் பாத்திக் வேலை அதன் முதன்மை உற்பத்தியாயிற்று. விற்பனையில் கிடைத்த பொருளைக் கொண்டு 1966இல் மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கப்பட்டது. சோழமண்டலக் கலைக்கிராமம் தோன்றியது. புரவலர் கொடையை நம்பாமல் ஓவியர் தம் உழைப்பாலேயே நிலம் வாங்கினர் என்பதே இதன் தனிச்சிறப்பு. மணலும் சவுக்கும் நிறைந்த அவ்விடத்தில் அவர்கள் வீடுகளையும் தாமே எழுப்பிக்கொண்டனர்.

சாட்டர்டனும் பணிக்கரும் இங்கு வேறுபடுகின்றனர். முன்னவருக்குத் தொழிலே குறிக்கோள். பின்னவருக்குத் தொழில், ஓவியம் வரைவதற்கான நேரத்தை ஈட்டித் தரும் கருவி. நாளின் ஒரு பகுதி கைவினைக்கும் எஞ்சியது தத்தம் கலைக்கும் உரியதாயின. அங்குப் பாடத்திட்டம் இல்லை, தேர்வும் இல்லை. ஆயினும் ஓவியர் உலோகத் தகட்டில் பணிசெய்யவும் சிற்பி வண்ணம் கலக்கவும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். கல்லூரிகளில் துறைச்சுவர்கள் தடுத்ததை ஒரே கொட்டகையில் அமர்ந்து செய்த வேலை இயல்பாக்கிற்று. ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எஸ். நந்தகோபால், கே. ராமானுஜம் எனத் தம்முள் சிறிதும் ஒவ்வாத நடையினர் அங்கு வாழ்ந்தமை, அக்கூட்டுறவு எவர் தனித்தன்மையையும் கரைக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் ஆண்டுதோறும் புதிய மாணவர் நுழைவர். கிராமத்திற்கோ அத்தகைய வாயில் இல்லை. தொடங்கியவர்களோடு அவர்தம் கல்வியும் மூப்படைந்தது. 1977இல் பணிக்கர் மறைந்தார். 2009இல் சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளைக் காட்டும் அருங்காட்சியகம் அங்குத் திறக்கப்பட்டது. ஓவியங்கள் விலைபோகத் தொடங்கியதும் பாத்திக் வேலை மெல்லக் குறைந்தது. அதனோடு ஒரே கொட்டகையில் கூடி அமரும் வழக்கமும் தேய்ந்தது.