கொங்கு நாட்டுத் துளைப்பொறிகள்: தேய்மானமும் பராமரிப்பும்

கொங்கு நாட்டின் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரங்களில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 800 மி.மீ. வரைதான். மேல் மண்ணும் சிதைந்த பாறையும் முடிந்தவுடன் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் போன்ற கடினப் பாறைகள் தொடங்கிவிடுகின்றன. இப்பாறைகளுக்கு மணலைப் போல நீரை உறிஞ்சி வைக்கும் தன்மை இல்லை. அவற்றின் வெடிப்புகளிலும் பிளவுகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. ஆகவே இங்கு நீர் தேடுவது என்றால் பாறையை உடைப்பது. பாறையை உடைக்கும் கருவி எத்தனை நாள் உழைக்கும், அதை யார் எப்படிப் பேணுவது என்ற கேள்விகள் இப்பகுதியின் வேளாண் வரலாற்றோடு பிணைந்தவை.

உளியும் உலையும்

துளையிடும் கலை கொங்கில் மிகப் பழையது. நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களும் கிடைத்தன. பளிங்கு, சூதுபவளம் போன்ற கடினக் கற்களில் மெல்லிய துளையிட்டு மணி கோத்தவர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். வேலை முடியாமல் கைவிடப்பட்ட மணிகளும் அவற்றுள் உண்டு. இரும்பைப் பதப்படுத்தும் தொழிலும் கல்லைத் துளைக்கும் தொழிலும் ஒரே ஊரில் அருகருகே நடந்தது தற்செயலாக இருக்க முடியாது.

பிற்காலத்தில் கொங்கின் அடையாளமாக நின்றது திறந்த கிணறு. பாறையைச் சதுரமாக வெட்டி இறக்கிய பெருங்கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். கிணறு வெட்டக் கடப்பாரை, சம்மட்டி, நீண்ட உளிக்கம்பி ஆகியவையே கருவிகள். ஒருவர் கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்க மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். துளை போதிய ஆழம் வந்ததும் மருந்து கெட்டித்து வெடி வைப்பார்கள். அடிக்கும் இடையே கம்பியைச் சிறிது திருப்ப வேண்டும் என்பது முக்கியமான நுட்பம். திருப்பாவிட்டால் உளி ஒரே பள்ளத்தில் விழுந்து சிக்கிக்கொள்ளும். இன்றைய ரிக் வண்டியின் சுத்தியலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

உளியின் கூர் கடினப் பாறையில் விரைவில் மழுங்கும். ஆதலால் கிணற்று வேலை நடக்கும் ஊரில் கொல்லரின் உலை ஓயாது. மழுங்கிய முனையைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்துத் துவைச்சல் கொடுப்பார். துவைச்சல் கூடினால் முனை உடையும், குறைந்தால் வளையும். எந்த நிறம் வரும்போது தோய்க்க வேண்டும் என்பது அவருடைய கண்ணுக்குத் தெரிந்த கணக்கு. கருவியின் ஆயுளை முடிவு செய்தது இரும்பின் தரம் மட்டும் என்று சொல்வதற்கில்லை, அந்தக் கணக்கும்தான்.

திருகு துளைப்பானின் எல்லை

பனி உறைந்த ஏரிகளில் மீன் பிடிக்கும் பின்லாந்து, கனடா மக்கள் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய திருகு துளைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். ‘ஆகர்’ எனப்படும் இதன் அடியில் இரண்டு கத்திகள் இருக்கும். அவை சீவிய பனியைத் திருகுத் தகடு மேலே தள்ளும். பனியில் கலந்த சிறிது மணல்கூட அக்கத்தியைக் கெடுத்துவிடும் என்பதால் வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து உறையிட்டு வைப்பார்கள். கொங்கு நாட்டில் இதே கருவியின் உறவினர் தென்னங்கன்று நடவும் வேலிக்கால் ஊன்றவும் பயன்படுகிறது. கையில் பிடிக்கும் சிறிய பெட்ரோல் கருவியும் உண்டு. டிராக்டரின் பின்னால் பூட்டும் பெரிய கருவியும் உண்டு.

செம்மண்ணில் இது விரைவாக இறங்கும். கல் தட்டுப்பட்டால் கதை வேறு. டிராக்டரில் பூட்டும் கருவிகளில், திடீரென்று சுமை ஏறும்போது தானே முறிந்து கியர் பெட்டியைக் காக்கும்படி மென்மையான போல்ட் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அது அடிக்கடி முறிகிறது என்று சலித்து, கெட்டியான போல்ட்டை மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு முறிவது கியர் பெட்டி. விலை குறைந்த ஒன்றை இழந்து விலை உயர்ந்ததைக் காப்பதற்கான ஏற்பாட்டை இப்படிக் குலைப்பது, பராமரிப்பில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. இரண்டு வீச்சு எஞ்சின் கொண்ட கைக்கருவிகளில் பெட்ரோலோடு எண்ணெயைச் சரியான அளவில் கலக்காமல் விடுவது இதற்கு அடுத்த பிழை.

எப்படிப் பேணினாலும் ஆகர் மண்ணைச் சீவும் கருவியே. பாறையை அதனால் வெல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முதலியோரின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் பம்புகள் பரவின. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் மின் மோட்டார்கள் வந்தன. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மோட்டார் தயாரித்தார்கள். அந்நகரம் பம்பு உற்பத்தியின் மையமாயிற்று. மாடு ஒரு நாள் முழுவதும் இறைத்த நீரை மோட்டார் சிறிது நேரத்தில் இறைத்துவிட்டதால் கிணறுகள் விரைவில் வற்றின. அவற்றை மேலும் ஆழப்படுத்தினார்கள். கிணற்றுச் சுவரில் பக்கவாட்டாகத் துளையிடும் ‘சைடு போர்’ முறையும் வழக்கில் வந்தது. மேலிருந்து கீழாகப் பாறையைத் துளைக்கும் வேகமான பொறி மட்டும் இன்னும் வரவில்லை.

துளையின் அடியில் சுத்தியல்

1966-67இல் பீகாரில் கடும் வறட்சி ஏற்பட்டபோது, கடினப் பாறையைத் துளைக்கும் காற்றழுத்தப் பொறிகளை யுனிசெஃப் விமானத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முன்பு கம்பிவடத்தில் கட்டிய கனத்த உளியைத் தூக்கித் தூக்கிப் போட்டு வாரக்கணக்கில் துளைத்த ஆழத்தை இப்பொறிகள் ஓரிரு நாளில் எட்டின. தென்னிந்தியாவின் பாறைப் பகுதிகளிலும் இம்முறை வேரூன்றியது.

இதன் தத்துவம் எளிது. சுத்தியல் மேலே இல்லாமல் துளையின் அடியிலேயே இருக்கிறது. குழாய்த் தண்டுகள் வழியாகச் செல்லும் அழுத்தக் காற்று சுத்தியலுக்குள் உள்ள பிஸ்டனை இயக்குகிறது. பிஸ்டன் பிட்டின் தலையை அடிக்கிறது. அடித்து வெளியேறும் அதே காற்று கல்தூளை மேலே ஊதித் தள்ளுகிறது. தொடக்க காலப் பொறிகளில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் இருந்தது. இன்று 300 பவுண்டைத் தாண்டிய கம்ப்ரசர்கள் சாதாரணம்.

பிட்டின் முகத்தில் டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதிக்கப்பட்டிருக்கும். அரைக்கோளமான குமிழ் தேய்ந்து தேய்ந்து தட்டையாகும். தட்டையான பகுதி குமிழின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போதே சாணை பிடித்து மீண்டும் உருண்டையாக்க வேண்டும் என்பது பொது விதி. தள்ளிப்போட்டால் அடி பாறைக்குள் இறங்காமல் பிட்டுக்கே திரும்பும். குமிழில் பாம்புத்தோல் போன்ற நுண்வெடிப்புகள் தோன்றி ஒருநாள் அது தெறித்து விழும். விழுந்த குமிழ் துளையின் அடியில் கிடந்து மற்றக் குமிழ்களையும் உடைக்கும். வெங்கச்சங்கல் நரம்பு குறுக்கிடும் இடங்களில் இந்தத் தேய்மானம் மிக விரைவாக நடக்கிறது.

ஓரக் குமிழ்கள் தேயும்போது துளையின் விட்டமும் சிறிதுசிறிதாகக் குறையும். பாதித் துளையில் தேய்ந்த பிட்டைக் கழற்றிவிட்டுப் புது பிட்டை இறக்கினால், குறுகிய பகுதியில் அது சிக்கிக்கொள்ளும். ஆகவே அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் பிட்டுகளை அளவு வாரியாக வைத்திருப்பார்கள். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிப்பார்கள். புதிய பிட் எப்போதும் புதிய துளைக்குத்தான்.

சுத்தியலுக்கு உயிர் எண்ணெய். காற்றோடு சேர்ந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போகவேண்டும். இல்லையெனில் பிஸ்டன் உராய்ந்து கீறல் விழும். எண்ணெய் உண்மையிலேயே கீழே சேர்கிறதா என்று அறிய, துளையில் இறக்கும் முன் பிட்டின் அடியில் ஓர் அட்டையைப் பிடித்துக் காற்றைத் திறந்து பார்ப்பார்கள். அட்டையில் எண்ணெய்ப் பூச்சு படிய வேண்டும். தண்டுகளின் மரைகளைத் துடைத்துக் கிரீஸ் பூசுவதும் இதைப் போன்றதே. மரையில் ஒட்டிய ஒரு சிறு கல்தூள் மரையை அறுத்துவிடும். 20 அடித் தண்டுகளைக் கொண்டு 1000 அடி இறங்கினால் 50 இணைப்புகள் ஆகின்றன. அவற்றுள் ஒன்று விட்டாலும் கீழே உள்ள அத்தனையும் துளைக்குள் போய்விடும். துளைக்குள் இருக்கும்போது தண்டை எதிர்த்திசையில் சுழற்றக் கூடாது என்ற கட்டளையும் இதனால்தான். அப்படி விழுந்ததை மீட்பதை ஆங்கிலேயத் தொழில் வழக்கில் ‘மீன்பிடித்தல்’ என்றே சொல்வார்கள். கிடைக்காத நாட்கள் அதிலும் உண்டு.

கம்ப்ரசரின் காற்று வடிகட்டியைத் தூசி அடைக்காமல் அடிக்கடி தட்டி மாற்றுவார்கள். ஆனால் அதே தூசியில் நிற்கும் தொழிலாளியின் மூக்கில் பெரும்பாலும் ஒரு துண்டுதான் கட்டியிருக்கும். பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த செய்தி. காற்றோடு சிறிது நீரோ நுரையோ கலந்தால் தூசி அடங்கும். இந்தச் சிறு செலவு பல இடங்களில் தவிர்க்கப்படுகிறது.

கோயம்புத்தூரில் நடந்த சோதனை

துளை போட்டால் போதுமா? 1970களில் இந்தியா முழுவதும் இக்கேள்வி எழுந்தது. ஆழ்துளைகள் மீது பொருத்திய வார்ப்பிரும்புக் கைப்பம்புகள் ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை; ஊரே வரிசையில் நின்று அடித்தபோது அவை தாங்கவில்லை. 1974இல் எடுத்த கணக்கில் நான்கில் மூன்று பங்குப் பம்புகள் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. விலையுயர்ந்த பொறியால் போட்ட துளை, மலிவான பம்பு பழுதானதால் வீணாய்க் கிடந்தது.

மகாராட்டிரத்தில் உருவான சோலாப்பூர் பம்பை அடிப்படையாகக் கொண்டு, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனம், யுனிசெஃப் முதலியவற்றின் கூட்டு முயற்சியில் இந்தியா மார்க் 2 பம்பு உருவாயிற்று. அதன் மாதிரிகள் 1976-77இல் கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் சோதிக்கப்பட்டன. நீர்மட்டம் ஆழம், பயன்படுத்துவோர் அதிகம். பம்பை வருத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. 1979இல் இப்பம்புக்கு இந்தியத் தர நிர்ணயம் வந்தது. தமிழ்நாட்டில் ஊரில் ஒரு பாதுகாவலர், ஒன்றியத்தில் ஒரு பொருத்துநர், மாவட்டத்தில் ஒரு நடமாடும் குழு என்ற மூன்றடுக்குப் பராமரிப்பு முறையும் நடைமுறைக்கு வந்தது.

பம்பு உழைத்தது, ஆனால் பழுதானால் கழற்றுவது பெரும்பாடு. அடியில் உள்ள ஒரு தோல் வளையத்தை மாற்ற, குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வரவேண்டும். 1983 முதல் 1988 வரை உலக வங்கி, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், யுனிசெஃப் ஆகியவை கோயம்புத்தூரில் நடத்திய நீண்ட சோதனை இச்சிக்கலைக் குறிவைத்தது. தோல் வளையத்துக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வளையம் வந்தது. 32 மி.மீ. குழாய்க்குப் பதில் 65 மி.மீ. குழாய் வைத்ததால், குழாயைத் தொடாமலே பிஸ்டனையும் அடிவால்வையும் மேலே இழுத்துவிட முடிந்தது. இதுவே இந்தியா மார்க் 3. அகலமான குழாய் கனமானது, விலையும் அதிகம். பழைய மார்க் 2 அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் ‘எத்தனை நாள் உடையாமல் இருக்கும்’ என்ற கேள்வியோடு ‘உடைந்தால் ஊராரே சரிசெய்ய முடியுமா’ என்ற கேள்வியும் அளவுகோலாக வந்தது கோவைச் சோதனையின் பயன்.

திருச்செங்கோடு

நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு இன்று இந்தியாவின் ரிக் நகரம். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் ஏற்கெனவே லாரித் தொழிலும் கூண்டு கட்டும் பட்டறைகளும் இருந்தன. லாரியின் மேல் கம்ப்ரசரையும் துளைக் கோபுரத்தையும் ஏற்றுவது அத்தொழிலின் இயல்பான நீட்சி. வானம் பார்த்த பூமியின் உழவர் குடும்பங்கள் கூட்டாகப் பணம் போட்டு வண்டி வாங்கின. ஒரு ரிக் வண்டியும், தண்டு சுமக்கும் துணை லாரியும், உடன் செல்லும் ஆட்களுமாகக் கர்நாடகம், ஆந்திரம், மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியூரில் தங்குகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் வண்டிகள் போயிருக்கின்றன.

கூலி அடிக் கணக்கில். ஆழம் கூடக்கூட அடிக்கான விலையும் படிப்படியாகக் கூடும். செலவில் பெரும்பங்கு டீசல். அதற்கு அடுத்து பிட், சுத்தியல், தண்டு ஆகியவற்றின் தேய்மானம். கடனுக்கு வாங்கிய வண்டி ஒரு நாள் நின்றாலும் வட்டி நிற்காது. அதனால் இரவு பகலாக ஓட்டுவதும், சாணை பிடிக்க வேண்டிய பிட்டை இன்னும் ஒரு துளைக்கு இழுப்பதும் நடக்கிறது. மழைக்காலத்தில் வேலை குறையும்போதுதான் முழுப் பழுதுபார்ப்பு. எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது, ஹைட்ராலிக் குழாய்களை மாற்றுவது, வளைந்த தண்டுகளைக் கழிப்பது எல்லாம் அப்போது நடக்கும்.

பொறி வலுத்ததால் துளையும் ஆழமாயிற்று. கோவை, திருப்பூர் வட்டாரங்களில் 1000 அடிக்கு மேல் துளைத்தும் நீர் காணாத நிலங்கள் உள்ளன. நீர் வராத துளையை மூடாமல் விட்டதால் நாட்டின் பல பகுதிகளில் குழந்தைகள் விழுந்து இறந்தபின், உச்ச நீதிமன்றம் 2010இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. தமிழ்நாடு அரசு 2015இல் ஊராட்சிப் பகுதிகளுக்கு விதிகள் இயற்றியது. துளையிட முன் அனுமதி, வேலை நடக்கும்போது தடுப்பு, கைவிட்ட துளையை மண்ணிட்டு நிரப்புதல் என்பவை அவற்றின் சாரம். 1000 அடித் துளையை நிரப்பும் மண்ணின் விலை ஒரு பிட்டின் தேய்மானச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் அதைக் கொடுப்பது நில உரிமையாளரா, வண்டிக்காரரா என்பதில்தான் வழக்கமாகத் தகராறு எழுகிறது.

இனிச் சாணை பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பிட்டுகள் பட்டறை மூலைகளில் குவிந்து கிடக்கும். அவற்றின் எஃகு சாதாரண இரும்பு விலைக்குப் போகும். கார்பைடு குமிழ்களை மட்டும் பெயர்த்தெடுத்துத் தனியே எடை போட்டு வாங்குவதற்கு வியாபாரிகள் இருக்கிறார்கள்.