அரைப்பென்னியும் ஓரணாவும்

பள்ளிக்கு வரும் பிள்ளையின் அறிவு அரசின் பொறுப்பு. வயிறு பெற்றோரின் பொறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இந்த எல்லைக்கோடு மிகத் தெளிவாக வரையப்பட்டிருந்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் பள்ளிகளுக்கு வழிவகுத்தது. 1880-இல் வருகை கட்டாயமாயிற்று. சட்டம் போட்டுப் பிள்ளைகளை வகுப்பறைக்குள் கொணர்ந்த பிறகுதான், அதுவரை தெருக்களிலும் ஆலைகளிலும் சிதறிக் கிடந்த ஒரு காட்சி ஒரே கூரையின்கீழ்த் திரண்டு ஆசிரியர்களின் கண்முன் நின்றது. பசி, சொறி, வளைந்த கால்கள், மூடாத வாயுடன் மூச்சுவிடும் முகங்கள். அந்தக் கோட்டை அழிக்க முயன்ற ஒரு நகரத்தின் கதையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதே வழக்கு சில ஆண்டுகள் கழித்து நம் சென்னையிலும் நடந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

நகரத்தின் பெயர் பிராட்ஃபோர்டு. யார்க்‌ஷயரின் கம்பளித் தொழில் தலைநகரம். 1890 டிசம்பரில் தொடங்கி மறுஆண்டு ஏப்ரல்வரை நீடித்த மானிங்காம் ஆலை வேலைநிறுத்தம் தொழிலாளரின் தோல்வியில் முடிந்தது. ஆனால் அந்தத் தோல்வியின் ஈரத்திலிருந்தே 1893 ஜனவரியில் சுயேச்சைத் தொழிலாளர் கட்சி அவ்வூரில் பிறந்தது. அன்று பிராட்ஃபோர்டில் 'அரைநேரப் பிள்ளைகள்' என்றொரு கூட்டம் இருந்தது. நாளில் பாதி ஆலையில், பாதி பள்ளியில்! இதற்கான குறைந்தபட்ச வயது 1893-இல் 11-ஆக உயர்த்தப்பட்டதே பெரிய சீர்திருத்தமாகக் கருதப்பட்டது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். காலையில் தறியோசையில் நின்ற பிள்ளை மதியம் வகுப்பில் உறங்கினால் அதற்குச் சோம்பல் என்று பெயர்.

அவ்வாண்டில்தான் மார்கரெட் மெக்மில்லன் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். 1860-இல் அமெரிக்காவில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, தந்தை இறந்தபின் தாயுடன் இன்வர்னஸ் திரும்பியவர். சிறுவயதில் நோயால் செவித்திறனை இழந்து, பதின்மூன்று பதினான்கு வயதில் அதைத் திரும்பப் பெற்றவர். உடல் நலிந்தால் கல்வி என்ன ஆகும் என்பதை அவர் நூல்களிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. 1894-இல் பிராட்ஃபோர்டு பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாரியத்தின் மருத்துவ அலுவலர் ஜேம்ஸ் கெர்ருடன் சேர்ந்து அவர் செய்த முதல் வேலை எளியது: பிள்ளைகளைப் பரிசோதிப்பது. பிரித்தானியாவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த மிகமுற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளுள் இது ஒன்று. குளிருக்கு அணிவித்த உடையை மாதக்கணக்கில் களையாத பிள்ளைகள் பலர் இருந்தனர். அவ்வுடைக்குள் என்ன இருந்தது என்பதை எவரும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

1897-இல் வாப்பிங் சாலைப் பள்ளியில் குளியலறைகளும் ஒரு சிறு நீச்சல் குளமும் கட்டப்பட்டன. பள்ளிக்குள் குளமா, வரிப்பணம் குளிக்கவா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனினும், அம்மையாரின் பணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. வெளிச்சம், காற்று, நீர், அசையும் உடல் ஆகியவை பாடத்துக்கு வெளியே இருப்பவையல்ல, பாடம் நிற்கும் தரையே அவைதாம் என்ற கருத்தை அவர் கட்டடமாகவே எழுப்பிக் காட்டினார்.

பின் வந்தது 1902-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பள்ளி வாரியங்கள் ஒழிக்கப்பட்டு அதிகாரம் நகர மன்றங்களுக்குச் சென்றது. அம்மன்றங்களுக்குப் பெண்கள் போட்டியிட அன்று உரிமையில்லை (1907-இல்தான் கிடைத்தது). எட்டாண்டு உழைப்புக்குப் பின் மார்கரெட் ஊரைவிட்டு நீங்கி, லண்டனில் தம் தமக்கை ரேச்சலிடம் சென்றார்.

வியப்பு என்னவெனில், அவர் கேட்டதற்குச் செவிசாய்க்காத அரசு பீரங்கி ஓசைக்குச் செவிசாய்த்தது. போயர் போருக்குப் படையில் சேர வந்த நகரத்து இளைஞர்களில் பெரும்பகுதியினர் உடல்தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டனர். பேரரசைக் காக்கத் தோள்கள் இல்லை! உடனே எழுந்த யோசனை, பிள்ளைகளுக்குக் கவாத்துப் பழக்குவது. 1902-இல் வெளியான மாதிரி உடற்பயிற்சித் திட்டம் பெரும்பாலும் படைவீரர்களுக்கான பயிற்சியைப் பள்ளிக்கு இறக்கியதே. வெறும் வயிற்றுடன் வருபவனை முற்றத்தில் நிறுத்திக் கைகால் வீசச் சொல்வது அவனிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்குவதாகும் என்று ஆசிரியர்களும் மருத்துவர்களும் எதிர்த்தனர். இரண்டே ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டு வேறொன்று வந்தது. 1909-இல் ஸ்வீடன் நாட்டு லிங் முறையைத் தழுவிய பாடத்திட்டம் அமைந்தது. (நம் ஊரில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்காசிரியர் கடன் வாங்கிச் செல்லும் வழக்கத்துக்கு லிங்கிடம் மருந்து இருந்திருக்குமா என்பது ஐயமே.) உடல் நலிவு பற்றி ஆராய்ந்த அரசுக் குழு 1904-இல் அளித்த அறிக்கை, பள்ளி மருத்துவப் பரிசோதனையையும் வறிய பிள்ளைகளுக்கு உணவளிப்பதையும் பரிந்துரைத்தது.

1906 தேர்தலில் தொழிலாளர் கட்சியினர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தனர். பிராட்ஃபோர்டு நகர மன்றத்தில் பள்ளி உணவுக்காகப் போராடிய ஃபிரெட் ஜோவெட் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டு டிசம்பரில் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறியது. கட்டாயமன்று, விரும்பும் ஊர்கள் செய்யலாம். செலவுக்கு நன்கொடை போதாவிடில் வரியிலிருந்து எடுக்கலாம். அதுவும் பவுன் ஒன்றுக்கு அரைப்பென்னிக்கு மேல் கூடாது. இத்தனைக்கும் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பெற்றோரின் பொறுப்புணர்ச்சி மழுங்கிவிடும் என்பது அறச்சங்கங்களின் வாதம். அக்காலத்தில் அரசின் ஏழைநிவாரணம் பெற்றவர்கள் வாக்குரிமையை இழந்தனர். பள்ளி உணவுக்கு அந்தத் தண்டனை இல்லையென்று புதுச் சட்டம் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருந்தது. புகழ்பெற்ற சட்ட அறிஞர் டைசி, பிள்ளைக்குச் சோறிடத் தவறிய தந்தைக்கு வாக்குரிமை எதற்கு என்று 1914-இலும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று 'இலவசம்' என்ற சொல்லை முகஞ்சுளித்து உச்சரிப்போருக்கு எத்தகைய முன்னோர் வாய்த்திருக்கிறார்கள், பாருங்கள்!

பிராட்ஃபோர்டு வாதத்தில் இறங்காமல் தராசை எடுத்தது. 1907 ஏப்ரல் முதல் ஜூலை வரை, மருத்துவ அலுவலர் ரால்ஃப் கிரௌலியும் சமையற்கலைக் கல்விக் கண்காணிப்பாளர் மரியன் கஃப்பும் வறிய பிள்ளைகள் நாற்பது பேருக்குப் பள்ளி நாள்களில் காலையுணவும் மதிய உணவும் அளித்தனர். காலையில் பாலும் பாகும் சேர்ந்த ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி. மதியத்துக்கு மாறிமாறி வரும் உணவுப் பட்டியல். மேசையில் விரிப்பு, அதன்மேல் பூக்கள். பரிமாறப் பெரிய மாணவிகள். பூக்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அது கஞ்சித்தொட்டி அன்று, உணவுக்கூடம். அங்கே உண்பவன் இரப்பவன் அல்லன், விருந்தினன். நோக்கம் அதுவே. பிள்ளைகளின் எடை தொடர்ந்து குறிக்கப்பட்டது. உணவளிக்கப்படாத மற்றொரு குழுவின் எடையோடு ஒப்பிடப்பட்டது. உண்டவர்கள் தெளிவாக முந்தினர். ஆனால் அறிக்கையில் நெஞ்சைத் தொடும் இடம் வேறு. இடையில் விட்சன் பண்டிகை விடுமுறை வந்தது. அந்த வாரத்தில் எடைக்கோடு ஏறவில்லை, இறங்கியது. பள்ளி மூடினால் பிள்ளை மெலிகிறான் என்பதை வரைபடத்தாளில் கண்டபின் பெற்றோரின் பொறுப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஆலைக்கூலியின் அளவைப் பற்றித்தான் பேச இருக்கிறது.

அவ்வாண்டு அக்டோபரில் கிரீன் லேனில் பொதுச் சமையற்கூடம் திறக்கப்பட்டது. நாடெங்கும் பள்ளி மருத்துவப் பரிசோதனையைக் கடமையாக்கும் சட்டமும் 1907-இலேயே வந்தது. விடுமுறையில் உணவளிக்கச் சட்டத்தில் இடமில்லை என்ற தடையும் அரைப்பென்னி வரம்பும் 1914-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கின. மார்கரெட் லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் பள்ளி மருத்துவமனையும் இரவில் பிள்ளைகள் திறந்தவெளியில் உறங்கும் முகாமும் திறந்தவெளி மழலைப்பள்ளியும் நடத்தி, 1931-இல் மறைந்தார்.

இனி சென்னை. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. செலவு நாளொன்றுக்கு மாணவனுக்கு ஓரணாவுக்கு மிகாமல். அங்கே அரைப்பென்னி, இங்கே ஓரணா! மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. மாணவர் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்கவில்லை. 1925 ஏப்ரல் முதல் நாளில் திட்டம் நின்றது. பிரித்தானியப் பிள்ளைக்கு 1914-இல் தளர்ந்த கணக்குப் புத்தகம், அதே பேரரசின் சென்னைப் பிள்ளைக்குப் பதினோராண்டுகள் கழித்தும் இறுகியே இருந்தது. சோறு கல்விச் செலவாகாது என்பதே அதன் பொருள்.

1956-இல் காமராசரும் அவருடைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும், 1982-இல் எம்.ஜி.ஆரும் எடுத்துச் சென்ற தொடர்ச்சியை நம் வாசகர்கள் அறிவர், விரிக்கவில்லை. காலையுணவு 2022 செப்டம்பர் 15-இல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. பிராட்ஃபோர்டின் நாற்பது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றி அப்போது நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுமுறை வாரத்தைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றமும் ஒருமுறை நினைத்துப் பார்த்தது. 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்க வேண்டும் என்று அது ஆணையிட்டது.