நொய்யலில் கரைந்த உப்பு

நாம் உண்ணும் சாதாரண உப்பில் பத்துக் கிராம் எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ ஆறு கிராம் குளோரைடு, எஞ்சியது சோடியம். சோடியத்தைப் பற்றி மருத்துவர்கள் அடிக்கடி எச்சரிக்கின்றனர். குளோரைடைப் பற்றிய பேச்சே இல்லை. ஆயினும் அது இல்லையேல் உண்ட சோறு சரிவரச் செரிக்காது. இரைப்பையில் சுரக்கும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் பிரௌட் 1824-இல் காட்டினார். அதற்கு வேண்டிய குளோரைடு உணவிலிருந்து இரத்தத்திற்கும், இரத்தத்திலிருந்து இரைப்பைக்கும் வருகிறது. மிகுந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

இத்தகைய பொருள் எங்கள் திருப்பூர் வட்டாரத்தில் ஓர் ஆற்றையே கெடுத்தது. நெருப்பெரிச்சல் மாணவன் எவனும் சாயப்பட்டறையை அறிவான்; அங்கு மூட்டை மூட்டையாக உப்பு எதற்கு என்று கேட்டால் பலரும் விழிப்பர். விடை இயற்பியலில் இருக்கிறது. நீரில் நனைந்த பருத்தி இழை எதிர் மின்னூட்டம் பெறுகிறது. 1956-இல் விற்பனைக்கு வந்த வினைச் சாயங்களின் மூலக்கூறுகளும் எதிர் மின்னூட்டம் கொண்டவையே. ஒத்தவை ஒன்றையொன்று விலக்கும் அன்றோ! உப்பிலுள்ள சோடியம் அயனிகள் இவ்விலக்கு விசையை மறைத்து, சாயத்தை இழையருகே செல்லவிடுகின்றன. அடர்ந்த நிறங்களுக்குச் சாயத்தொட்டி கடல்நீரைவிட உப்பாக இருப்பதுண்டு. குளோரைடுக்கு இதில் வேலையே இல்லை; சோடியத்தின் துணைக்கு வந்தது, அவ்வளவே. சாயம் துணியில் தங்கும். உப்பு முழுவதும் கழிவுநீரோடு போகும்.

போன குளோரைடு மக்காது, படியாது. களிமண்ணும் எதிர் மின்னூட்டம் உடையதாதலால் அதைப் பிடித்து வைப்பதில்லை. எனவே கிணறுவரை சென்றுவிடும். முதலில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் நீக்க இயலவில்லை. தெளிந்த நீரைக் கண்டு ஏமாந்த காலம் அது என்பது என் கருத்து.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. அதில் தேங்கியதோ சாயக்கழிவு. பயிருக்கு வேண்டாம் என்று உழவர்களே நீரை மறுத்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உழவர் நியாயம் வென்றது. ஆனால் பட்டறைத் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர்.

குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம், வேறு நீர் இல்லாவிடில் 1000 வரை பொறுக்கலாம் என்பது இந்திய அளவுகோல். முதல் எல்லை நஞ்சு கருதி வைத்ததன்று. அதற்குமேல் நாவு உப்புக் கரிப்பை உணரும். ஆனால் 1000 மில்லிகிராம் உள்ள நீரை மூன்று லிட்டர் குடித்தால் மூன்று கிராம் குளோரைடு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராம் உப்பில் உள்ளதும் அதே அளவுதான்! சோற்றில் உப்பிடும் முன்பே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. உடன் வருவது சோடியமாயின் இரத்த அழுத்தமும் ஏறும்.

இன்று பட்டறை நீரைச் சவ்வுகளில் அழுத்தி வடிகட்டி, எஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகின்றனர். உப்பில் பெரும்பகுதி மீண்டும் சாயத்தொட்டிக்கே போகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பை மட்டும் ஆற்றிலும் கொட்ட வழியில்லை, மண்ணிலும் புதைக்க வழியில்லை. மழை படாமல் மூட்டைகளில் கட்டிக் கொட்டகைகளில் அடுக்கி வைக்கின்றனர்.